கணினிக்குள் ஏறிய கேடி பதிவேடு

(திருவொற்றியூரில் இளைஞர்கள் ஏற்பாடு செய்த அரங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நாடுகளுக்கு இடையே போலீசார் தகவல் பகிர்ந்துகொள்ளும் கணினி முறைகளைப் பற்றிப் பேசச் சொல்லி என்னை அழைத்தார்கள். விஷயத்தைக் கேட்ட என் பெரியம்மா, காசிமேட்டில் மீன் விற்பவர், "அது டெல்லிக்காரன் சமாச்சாரம், அதுக்கும் நம்ம தெருவுக்கும் என்னம்மா இருக்கு?" என்று கேட்டார். அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் ராயபுரத்துப் பெண். கணினி அறிவியல் படித்தேன். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், ஓர் ஒப்பந்த நிறுவனத்தில் காவல் நிலையப் பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும் வேலையில் சேர்ந்தேன். சில மாதங்களில் 14 பேர் கொண்ட ஒரு ஷிப்டுக்கு என்னையே பொறுப்பாக்கினார்கள். நிறுவனத்தின் பெயரையும் நிலையத்தின் பெயரையும் சொல்லப் போவதில்லை. இது ஒரு நிலையத்தின் கதை அல்ல.

2008 நவம்பர் 26 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு, 2009இல் ஒன்றிய அரசு சி.சி.டி.என்.எஸ். என்ற திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. நாட்டிலுள்ள காவல் நிலையங்களை எல்லாம் ஒரே வலைப்பின்னலில் இணைப்பதுதான் அதன் நோக்கம். அதற்காகத்தான் பழைய நோட்டுகள் எங்கள் மேசைக்கு வந்தன. எங்களிடம் கேட்கப்பட்டது ஒரே கேள்வி: இன்றைக்கு எத்தனை பதிவு? தொடக்க விழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது, அதற்குள் எண்ணிக்கை வர வேண்டும். எழுதியிருப்பது உண்மையா, அந்த ஆள் உயிரோடு இருக்கிறாரா, வழக்கு விடுதலையில் முடிந்ததா என்று யாரும் கேட்கவில்லை. "இருக்கிறதை இருக்கிற மாதிரி அடிம்மா" என்பதுதான் உத்தரவு.

ஒருநாள் எனக்கு வந்த தாளில் ஒரு புகைப்படம். எங்கள் தெருப் பையன், என்னை அக்கா என்று கூப்பிடுகிறவன். ஆடித் திருவிழாவில் இரண்டு தெருக்காரர்களுக்குள் தகராறு. போலீஸ் கையில் சிக்கியவர்களை எல்லாம் நிலையத்துக்குக் கொண்டுபோய்ப் பெயர் எழுதிப் படம் எடுத்து அனுப்பினார்கள். அவன்மீது வழக்கு எதுவும் போடவில்லை. அப்போது அவனுக்கு வயது 16. அவன் பெயர், அப்பா பெயர், தெரு, அங்க அடையாளம், சாதி எல்லாம் அந்தத் தாளில் இருந்தது. அடிக்க வேண்டாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. அன்றைய எண்ணிக்கை குறைவாக இருந்தது. அடித்தேன். நான்தான் அடித்தேன், தோழர்களே.

நம் ஊரில் "கேடிப் பய" என்று சர்வ சாதாரணமாகத் திட்டுகிறோம். அந்த 'கே.டி.' காவல் நிலையப் பதிவேட்டுப் பெயரின் சுருக்கம்: 'நோன் டெப்ரடேட்டர்', அதாவது அறியப்பட்ட கொள்ளைக்காரன். பதிவேட்டுச் சொல்லே வசவாகும் அளவுக்கு நம்மிடையே அந்தப் பதிவேடு வாழ்ந்திருக்கிறது. நோட்டாக இருந்தவரை அது அந்த நிலையத்துக்குள் இருந்தது. ஏட்டையா மாறினால் மறந்துபோகும், மழையில் நனைந்தால் அழிந்துபோகும். கணினியில் ஏறியது மறக்காது. கடவுச்சீட்டுக்கான விசாரணையிலும், வெளிநாட்டு வேலைக்கான நன்னடத்தைச் சான்றிலும் அதுதான் புரட்டப்படுகிறது.

இப்போது அடுத்த படிக்கு வந்திருக்கிறோம். 2025 ஜனவரி 7 அன்று ஒன்றிய உள்துறை அமைச்சர் அமித் ஷா டெல்லியில் 'பாரத்போல்' என்ற தளத்தைத் தொடங்கி வைத்தார். உருவாக்கியது சி.பி.ஐ. முன்பெல்லாம் ஒரு மாநிலப் போலீசுக்கு இன்டர்போல் உதவி வேண்டுமென்றால் கடிதம், மின்னஞ்சல், ஃபேக்ஸ் என்று சி.பி.ஐ. வழியாகப் பல கை மாறிப் போகும். இப்போது மாநிலப் போலீசே அந்தத் தளத்தின் வழியாகக் கோரிக்கை அனுப்பலாம். இன்டர்போலில் 190க்கும் மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன.

இங்கே நியாயமாகப் பேச வேண்டும். பாரத்போல் நம் தெரு ரவுடிப் பட்டியலை உலகத்துக்கு அனுப்பும் இயந்திரம் அல்ல. நமக்கும் அப்படி ஒரு முறை தேவைப்படுகிறது. கணினி வேலை என்று தாய்லாந்துக்கு அழைத்துப் போய், எல்லை தாண்டி மியான்மரில் அடைத்து, இணைய மோசடி செய்ய வைத்த தமிழ் இளைஞர்களை நினைத்துப் பாருங்கள். 2022 அக்டோபரில் ஒரு குழு மீட்கப்பட்டுச் சென்னைக்கு வந்தது. ஒரு பிள்ளை காணாமல் போனால் அந்தத் தகவல் ஒரே நாளில் எல்லை தாண்ட வேண்டும். கூலியில்லாமல் நடுக்கடலில் கைவிடப்படும் மாலுமிக்கும் அதே அவசரம்தான். ஆகவே கணினி முறையே வேண்டாம் என்பது என் வாதம் அல்ல.

என் கேள்வி வேறு. வெளியிலிருந்து ஒரு பெயரைப் பற்றிக் கேள்வி வரும்போது, பதில் எங்கிருந்து எடுக்கப்படுகிறது? கடைசியில் அந்த நிலையத்துப் பதிவிலிருந்துதான். வாசலில் எவ்வளவு பெரிய விழா நடத்தினாலும், உள்ளே இருப்பது நான் அடித்த அந்தத் தாள்.

நம் பெயர்களையும் பாருங்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, முதலெழுத்துதான். கணினி அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கிவிடும். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரே மூர்த்திக்கு நாலு எழுத்துக்கூட்டு. ஒரு தெருவில் மூன்று மணி, ஐந்து குமார் இருக்கும் ஊர் இது. ஒரு மணி செய்ததற்கு இன்னொரு மணி விமான நிலையத்தில் நிற்பான்.

எல்லை தாண்டும் பதிவேடு இந்தக் கடற்கரைக்குப் புதிதும் அல்ல. 1860 அக்டோபரில் 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடைந்தது. அப்போது இங்கே துறைமுகச் சுவர்கூட இல்லை. மசூலாப் படகில் ஏற்றிப்போய்த்தான் கப்பலில் விடுவார்கள். அப்படி நேட்டாலுக்குப் போனவர்களின் கப்பல் பட்டியல்கள் இன்றும் இருக்கின்றன. பெயர், அப்பா பெயர், வயது, ஊர், அங்க அடையாளம், சாதி. கடலைத் தாண்டினால் தீட்டு என்றார்கள். ஆனால் சாதியைக் காகிதத்தில் எழுதிக் கடலைத் தாண்ட வைத்தார்கள். நான் அடித்த தாளின் கட்டங்களும் ஏறக்குறைய அவைதான்.

பிறகு கைரேகை வந்தது. 1897இல் கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு தொடங்கியது. லண்டன் ஸ்காட்லாந்து யார்டுக்கு 1901இல்தான் போனது. நம் உடம்பில் பழகிவிட்டுத்தான் அவர்கள் ஊருக்குக் கொண்டுபோனார்கள். 1871இன் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் திருத்தப்பட்டு, சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறந்த சாதியே குற்றம், அதற்குச் சாட்சி கைரேகை. மதுரை மாவட்டத்தின் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த பிரமலைக் கள்ளர்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள். சாதி அடுக்கில் வேறு இடத்தில் இருந்தவர்கள்தான். ஆனாலும் பதிவேடு ஒரு சமூகத்தை எப்படிக் குற்றவாளியாக்கும் என்பதற்கு அந்தப் பிணங்களே சாட்சி. சென்னை மாகாணம் 1947இல் அந்தச் சட்டத்தை நீக்கியது. நாடு முழுவதும் 1952இல் நீங்கியது. நீங்கிய இடத்தில் 'வழக்கமான குற்றவாளி' என்ற பெயரில் புதுச் சட்டங்கள் வந்தன. குறவர், இருளர் குடியிருப்புகளில் இன்றும் திருட்டு நடந்தால் முதலில் கதவு தட்டப்படுவது எதனால்? சட்டம் போனது, நோட்டு போகவில்லை.

வடசென்னையில் அதற்கு இன்னொரு பெயர் உண்டு: "நூத்திப்பத்து போட்டுட்டாங்க." பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 110ஆம் பிரிவு, இப்போது புதிய சட்டத்தில் 129. குற்றம் செய்ததற்காக அல்ல, செய்துவிடுவாயோ என்பதற்காகப் பிணைப்பத்திரம் வாங்குவது. எழுதி வாங்கியதை மீறினான் என்று துணை ஆணையரே சிறைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். போலீசே குற்றம் சாட்டி, போலீசே தண்டனையும் கொடுத்தது. காவல் துணை ஆணையர்களுக்கு அந்த நிர்வாக நடுவர் அதிகாரத்தைக் கொடுத்த அரசாணைகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 மார்ச்சில் ரத்து செய்தது. அதற்கு முன் உள்ளே போனவர்களின் பெயர்கள் கணினியிலிருந்து நீங்கினவா?

உச்ச நீதிமன்றமும் பேசியிருக்கிறது. 2024 மே மாதம் அமானதுல்லா கான் வழக்கில், சரித்திரப் பதிவேட்டில் இயந்திரத்தனமாகப் பெயர் சேர்ப்பது பட்டியல் சாதி, பழங்குடி, பின்தங்கிய மக்களையே தாக்குகிறது என்று கவலை தெரிவித்து, எல்லா மாநிலங்களும் தங்கள் நடைமுறையைப் பரிசீலிக்கச் சொன்னது. 2024 அக்டோபர் 3 அன்று சுகன்யா சாந்தா வழக்கில், சிறைப் பதிவேடுகளில் இருக்கும் சாதிக் கட்டத்தையே நீக்கச் சொன்னது. நல்ல தீர்ப்புகள். ஆனால் கணினியின் குணம் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு பதிவு நாலு இடத்துக்கு நகலாகப் போய்விட்டால், மூலத்தில் அழித்தாலும் நகல் இருக்கும். பகிர்வதற்கு முன்பே சுத்தம் செய்யாவிட்டால், பகிர்ந்த பிறகு எந்தத் தீர்ப்பாலும் முழுதாகச் சுத்தம் செய்ய முடியாது. நீதிமன்றத்தின் கை எட்டுவது இந்த எல்லைவரைதான்.

பூட்டும் பலமாக இல்லை. தமிழ்நாடு காவல்துறையின் முகமறி மென்பொருள் தளம் 2021இல் தொடங்கப்பட்டது. 2024 மே மாதத்தில் அதில் ஊடுருவல் நடந்ததைக் காவல்துறையே ஒப்புக்கொண்டது. நம் முகம் யார் கையில் இருக்கிறது என்று நாம் யாரிடம் போய்க் கேட்பது?

ஐரோப்பாவில் ஷெங்கன் தகவல் முறை 1995இல் தொடங்கியது. அதன் இரண்டாம் பதிப்பு 2007இல் வர வேண்டியது. 2013 ஏப்ரலில்தான் வந்தது. ஆறு ஆண்டு தாமதம், செலவும் ஏறியது, திட்டினார்கள். ஆனாலும் தயாராகாததைத் தொடங்கி வைக்கவில்லை. அங்கே தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவும், தவறைத் திருத்தவும், சட்டத்துக்குப் புறம்பானதை அழிக்கவும் ஒருவருக்கு உரிமை உண்டு. ஆளைப் பற்றிய பதிவை குறிப்பிட்ட காலத்துக்குள் மறுபரிசீலனை செய்தாக வேண்டும். அதைப் புனிதமாக்கிச் சொல்லவில்லை, அகதிகளையும் ஏழைகளையும் வாசலிலேயே நிறுத்தவும் அதே முறைதான் பயன்படுகிறது. இருந்தாலும் உரிமை சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. இன்டர்போலில்கூடக் கோப்புகளைக் கட்டுப்படுத்தும் ஆணையம் ஒன்று இருக்கிறது. தனிமனிதர் யாரும் அதற்கு விண்ணப்பிக்கலாம்.

இந்த விசித்திரத்தைப் பாருங்கள். பிரான்ஸின் லியோன் நகரத்தில் இருக்கும் கோப்பைத் திருத்தக் கேட்டு நம் பையன் விண்ணப்பம் போடலாம். வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கும் காவல் நிலையத்துக் கோப்பைத் திருத்த, வக்கீல் வைத்து உயர் நீதிமன்றம் போக வேண்டும். 2023இன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உதவும் என்றார்கள். அரசு அமைப்புகளுக்கு விலக்கு அளிக்கும் அதிகாரத்தை ஒன்றிய அரசு அதிலேயே எழுதி வைத்துக்கொண்டது.

ஆகவே நம் கோரிக்கைகள் ஐந்து. ஒன்று, தன்னைப் பற்றிய பதிவைப் பார்க்கவும் நகல் பெறவும் ஒவ்வொருவருக்கும் உரிமை, அதுவும் தமிழில். இரண்டு, ஒவ்வொரு பதிவுக்கும் முடிவுத் தேதி. நீட்டிப்பதென்றால் எழுத்தில் காரணம். மூன்று, சிறார் வயதில் எழுதப்பட்டவை உடனே நீக்கம். பழையதை மறந்து புதிதாகத் தொடங்க விட வேண்டும் என்று சிறார் நீதிச் சட்டமே சொல்கிறது. நான்கு, சாதிக் கட்டம் கண்காணிப்புப் பதிவேட்டிலிருந்தும் போக வேண்டும். வன்கொடுமை வழக்கில் பாதிக்கப்பட்டவரின் சாதி பதியப்படுவது அவர் பாதுகாப்புக்கு. அது வேறு, இது வேறு. ஐந்து, இவை முடியாமல் எந்தப் பதிவையும் எல்லை தாண்டி அனுப்பக் கூடாது. அனுப்பினால், திருத்தத்தையும் அதே வேகத்தில் அனுப்ப வேண்டும்.

பதிவேட்டில் யார் எழுதுவது என்பது நமக்குப் பழைய போராட்டம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதிபேதமற்ற திராவிடர் என்று பதியச் சொன்ன அயோத்திதாசப் பண்டிதருக்கு அது தெரிந்திருந்தது. அவன் எழுதிய பெயரை ஏற்காதே, உன் பெயரை நீ சொல் என்றார் அவர்.

கடைசியாக அந்தப் பையன். சில ஆண்டுகள் கழித்து அவனுக்கு வளைகுடாவில் ஒரு கப்பல் பட்டறையில் வெல்டர் வேலை கிடைத்தது. நன்னடத்தைச் சான்று கேட்டார்கள். நிலையத்தில் "உன் பேர் சிஸ்டத்துல இருக்குப்பா" என்றார்களாம். இழுத்தடித்ததில் விசா காலம் முடிந்துவிட்டது. இன்று கண்டெய்னர் யார்டில் இரவு ஷிப்ட் பார்க்கிறான். எப்படிப் பேர் ஏறியது என்று அவனுக்குத் தெரியாது. சென்ற மாதம்தான் அவன் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவன் திட்டவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அக்கா, ஏத்துறதுக்கு உனக்கு எவ்ளோ நேரம் ஆச்சு?" என்று கேட்டான். நாலு நிமிஷம் என்றேன். "எடுக்குறதுக்கு?" என்றான்.

அவனுக்காக ஒரு மனு எழுதியிருக்கிறோம். அவனைப் போல யார் வீட்டில் இருந்தாலும், கூட்டம் முடிந்ததும் வாசலில் மேசை போட்டிருக்கிறோம், வாருங்கள். இந்த முறை அடிப்பதற்கு முன் படித்துப் பார்த்து, உங்களிடம் கேட்டு, நீங்கள் சொன்னபடி அடிக்கிறேன்.