கைமாறிய கலைகள்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



1880ஆம் ஆண்டு கும்பகோணத்திற்கு முனிசீப்பாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார், அவ்வூர்க் கல்லூரியின் தமிழாசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையர். தாம் பாடங்கேட்ட அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கோவைகளையும் புராணங்களையும் ஐயர் வரிசையாகச் சொல்லிச் சென்றார். முதலியார் வியந்தாரில்லை. சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார்; பின்னர்ப் பிரதியொன்றையும் கொடுத்தனுப்பினார். 1887இல் சிந்தாமணி அச்சேறியதும், அதன் பின்னே சங்க நூல்கள் ஒவ்வொன்றாக வெளிவந்ததும் தமிழன்பர் அறிந்த வரலாறு. முதலியார் செய்தது ஆராய்ச்சியன்று, பதிப்புமன்று. தாம் சுவைத்ததை, சுவைக்கத் தகுந்த ஒருவரிடம் எடுத்துச் சொன்னார். அவ்வளவே. பரிந்துரை என்ற சொல்லுக்குள் பரிவு என்பதும் அடங்கியிருக்கிறதல்லவா?

கல்லூரிப் பாடத்திட்டத்தில் இடம்பெறாத, திறனாய்வாளர் திரும்பிப் பாராத, செய்தித்தாள்கள் மதிப்புரை எழுதாத கலைகளுக்கு இந்த ஒரு வழிதான் உண்டு. படித்தவர் படிக்காதவரிடம் சொல்ல வேண்டும். கேட்டவர் கேளாதவரை அழைத்து உட்கார வைக்க வேண்டும். அத்தகைய கலைகளாகச் சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்தவை மூன்று: சித்திரக்கதை, ஜப்பானிய அசைபடமாகிய அனிமே, மின்னணுக் கருவிகளால் ஆன தலைமறைவு இசை. இலக்கிய மேடையில் இவற்றுக்கு என்ன வேலை என்று புருவத்தை உயர்த்துவோர் இருக்கலாம். சிறுவனின் கையிலிருந்த காமிக்ஸைப் பிடுங்கிப் பரண்மேல் எறிந்த பெரியவர்களும் அப்படித்தான் கேட்டார்கள்.

முதலில் சித்திரக்கதை. 1976ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டைக் குறுக்கே கடந்து சென்ற அமைதி நடைப்பயணம் ஒன்றில் ஜப்பானியர் சிலரும் கலந்துகொண்டனர். உடன் நடந்த அமெரிக்கர்கள் அணுகுண்டைப் பற்றி ஓயாது வினவினர். ஜப்பானியருள் ஒருவரின் முதுகுப் பையில் ஒரு படக்கதைப் புத்தகம் இருந்தது. குண்டு வீச்சில் உயிர் தப்பிய ஒருவரே அதனைச் சித்திரக்கதையாக வரைந்திருக்கிறார் என்றறிந்து அமெரிக்கர்கள் திகைத்தனர்; ஆங்கிலத்தில் கொண்டுவந்தே தீரவேண்டும் என்று வற்புறுத்தினர். நடைப்பயணம் முடிந்து தோக்கியோ திரும்பியவர்கள் 'புராஜெக்ட் கென்' என்னும் தன்னார்வக் குழுவை அமைத்தனர். பதிப்பகம் எதுவும் கேட்கவில்லை, பணமும் இல்லை. 1978இல் முதற்பாகம் ஆங்கிலத்தில் வந்தது. முழுமையாக ஆங்கிலமாக்கப்பட்ட மிகத் தொடக்க கால ஜப்பானியச் சித்திரக்கதைகளுள் அஃதொன்று. நெடுவழியில் ஒருவர் பையைத் திறந்து காட்டியதன் விளைவு.

அந்நூல் 'ஹதாஷி நோ கென்' - வெறுங்கால் கென். வரைந்தவர் நகஸாவா கெய்ஜி. 1945 ஆகஸ்டு 6ஆம் நாள் காலை, ஆறு வயதுச் சிறுவனாக ஹிரோஷிமாவில் தம் பள்ளியின் சுற்றுச்சுவர் அருகே நின்றிருந்தார். அச்சுவர் அவரைக் காத்தது. தந்தையும் தமக்கையும் தம்பியும் இடிந்த வீட்டினுள் மாண்டனர். நிறைசூலியாக இருந்த தாய் அன்றைக்கே ஒரு பெண்மகவை ஈன்றாள், அதுவும் பிழைக்கவில்லை. பின்னர்த் தோக்கியோவில் ஓவியராக வாழ்ந்த நகஸாவா, குண்டுக்கு ஆட்பட்டவர் என்பதை மறைத்தே வாழ்ந்தார். அத்தகையோரை ஊரார் விலக்கிவைத்த காலம் அது. 1966இல் தாய் இறந்தாள். எரியூட்டிய பின் எலும்பு பொறுக்கச் சென்ற மகனுக்குச் சாம்பலன்றி ஏதும் கிட்டவில்லை. கதிர்வீச்சு தாயின் எலும்புகளையும் தின்றுவிட்டதென்று அவர் கருதினார். எரியூட்டிய பின் எலும்பைப் பொறுக்கிக் கலயத்தில் சேர்ப்பது அந்நாட்டார்க்கும் கடமை. அக்கடமையையும் ஆற்றவொண்ணாத மகனின் சினத்தைத் தமிழர்க்கு விளக்க வேண்டியதில்லை. அச்சினமே அவரை அணுகுண்டைப் பற்றி வரையவைத்தது. 1973இல் சிறுவர் வார இதழொன்றில் தொடங்கிய கென்னின் கதை, இதழ் விட்டு இதழ் மாறி, 1980களில் பத்துப் பாகங்களாக நிறைவுற்றது.

நூலைப் பரிந்துரைப்பவர் அதன் கரடுமுரடுகளையும் சொல்லிவிட வேண்டும். இதன் மாந்தர்கள் ஓயாமல் கத்துகிறார்கள், அடித்துக்கொள்கிறார்கள். போரை எதிர்த்த நல்ல தந்தை, பிள்ளைகளை அறைவதற்குத் தயங்குவதில்லை. கோடுகள் நுட்பமானவை அல்ல. சிறுவர் இதழுக்குரிய துள்ளலும் கேலியும், தோலுரிந்து நடக்கும் மனிதர்களுக்கு அடுத்த பக்கத்திலேயே வருகின்றன. முதல் முறை படிப்போர்க்கு இஃது ஒவ்வாமை தரலாம். ஆனால் ஐம்பது பக்கம் கடந்தால், பிழைத்திருக்கும் ஒரு சிறுவனால் வேறு எப்படி இக்கதையைச் சொல்லியிருக்க முடியும் என்பது புலனாகும். அமெரிக்காவின் ஆர்ட் ஸ்பீகல்மன், தம் தந்தை நாஜிகளிடமிருந்து தப்பிய கதையை 'மவுஸ்' என்ற சித்திரக்கதையாக உருவாக்கத் தொடங்கியிருந்த நாள்களில் இந்நூலைப் படித்தார். பின்னர் ஆங்கிலப் பதிப்புக்கு முன்னுரையும் எழுதினார்.

ஜப்பானியப் பள்ளி நூலகங்கள் பலவற்றில் சித்திரக்கதை என்றால் இஃதொன்றே இருந்த காலமுண்டு. அங்கும் இதற்குச் சோதனை வந்தது. ஜப்பானியப் படையினரின் கொடுமைகளை வெளிப்படையாகக் காட்டுகிறது என்பதனால், 2012 திசம்பரில் மட்சுயே நகரக் கல்வி வாரியம் இந்நூலை மாணவர் தாமாக எடுக்க முடியாதபடி உள்ளே வைக்குமாறு பள்ளிகளைக் கேட்டுக்கொண்டது. அதே திங்களில்தான் நகஸாவா மறைந்தார். செய்தி வெளியாகி எதிர்ப்பு வலுத்ததும் 2013 ஆகஸ்டில் அந்த வேண்டுகோள் திரும்பப் பெறப்பட்டது. 2023இல் ஹிரோஷிமா நகரமே தன் அமைதிக்கல்விப் பாடநூலிலிருந்து கென்னை நீக்கிற்று. நோயுற்ற தாய்க்காகச் சிறுவன் ஒருவர் வீட்டுக் குளத்தில் கெண்டைமீன் திருடும் காட்சி பாடத்திற்கு ஏற்றதன்று என்பதும் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. பசித்த பிள்ளை திருடியது தவறு. பசியை உண்டாக்கியது வரலாறு. அலுவலகங்கள் ஏற்றி வைப்பதை அலுவலகங்களே இறக்கவும் செய்யும். முதுகுப் பையில் வைத்துச் சுமந்தவரிடமிருந்து எவர் இறக்க முடியும்?

அனிமேயின் செய்தி சற்று நகைப்பூட்டுவது. 1977இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஃபிரெட் பேட்டன் முதலியோர், ஜப்பானிய அசைபடங்களைப் பார்ப்பதற்கென்றே ஒரு கழகம் கண்டனர். வீட்டில் வைத்துப் பதியும் வீடியோக் கருவி அப்போதுதான் கடைக்கு வந்திருந்தது. இரு நாட்டுத் தொலைக்காட்சியும் ஒரே முறையில் இயங்கியதால் ஜப்பானிய நாடா அமெரிக்கக் கருவியில் நேராக ஓடியது. ஜப்பானில் இருந்த அன்பர்கள் தம் நாட்டுப் படங்களைப் பதிந்து அனுப்ப, இவர்கள் அமெரிக்க விண்வெளித் தொடர்களைப் பதிந்து அனுப்பினர். மொழிதான் ஒருவருக்கும் தெரியாது! அரைகுறையாக அறிந்த ஒருவர் எழுந்து நின்று கதை சொல்வார். அல்லது கதைச்சுருக்கம் அச்சடித்துக் கொடுக்கப்படும். நாடாவிலிருந்து நாடாவுக்குப் படியெடுக்கப் படியெடுக்க வண்ணம் வெளுத்தது, கோடுகள் நடுங்கின. கதைச்சுருக்கங்களிலும் ஆளுக்கொரு பொருள். ஏட்டுச்சுவடி பார்த்தவர்க்கு இது புதிதன்று. பாடபேதம் என்பது ஓலைக்கு மட்டும் உரியதில்லை.

1980களின் இறுதியில் கணினியின் துணைகொண்டு அன்பர்களே படத்தின் அடியில் ஆங்கில உரை சேர்க்கலாயினர். வெற்று நாடாவும் திரும்ப அனுப்புவதற்குரிய அஞ்சல் தலையும் அனுப்பினால் படி கிடைக்கும். விற்பனைக்கன்று என்று படத்திலேயே எழுதியிருக்கும். முறைப்படி உரிமை பெற்ற நிறுவனம் ஒன்று வந்துவிட்டால் படியெடுப்பதை நிறுத்திக்கொள்வது குழுக்கள் பலவும் கொண்டிருந்த ஒழுங்கு. படைத்தவனின் ஒப்புதலின்றிப் படியெடுத்தது சட்டப்படி சரியா என்றால், இல்லை. எல்லாரும் அவ்வொழுங்கைக் காத்தனர் என்றும் சொல்ல இயலாது. எனினும் பின்னாளில் அந்நிறுவனங்கள் விற்பதற்கு ஒரு கூட்டம் ஆயத்தமாக இருந்ததென்றால், அதைக் கூட்டியவர்கள் இவர்களே.

இனி இசை. ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் டி.பி.-303 என்றொரு சிறு கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தனியே கித்தார் பயில்வோர்க்குத் தாழ்சுருதித் துணையாக இருக்க வேண்டுமென்பது நோக்கம். அந்த வேலையை அது செம்மையாகச் செய்யவில்லை. சில ஆண்டுகளில் உற்பத்தி நின்றது. மலிவு விலையில் பழைய பொருளாக அதை வாங்கிய சிகாகோ இளைஞர் சிலர், அதன் திருகுகளைத் தாறுமாறாகத் திருப்பியபோது நெளிந்து நெளிந்து ஒரு விசித்திர ஒலி எழுந்தது. அதனை ஒலிநாடாவில் பதிந்து, ரான் ஹார்டி என்பவர் இசைத்தட்டுச் சுழற்றிய நடன அரங்குக்குக் கொண்டுசென்றனர். முதல் முறை ஒலித்தபோது ஆடியவர்கள் அரங்கை விட்டு விலகினர். அவரோ அதே இரவில் மீண்டும் மீண்டும் ஒலிக்கச் செய்தார். நான்காம் முறை கூட்டம் வெறிகொண்டு ஆடிற்று என்று அவ்விளைஞர்கள் பின்னர் நினைவுகூர்ந்தனர். பெயரும் அறியாமலே மக்கள் அதைப் படியெடுத்துக் கைமாற்றினர். 1987இல் 'ஆசிட் டிராக்ஸ்' என இசைத்தட்டாக வந்ததும், ஆசிட் ஹவுஸ் என்னும் இசைவகை உலகெங்கும் பரவியதும் அதன் பின்னரே.

அதே கருவி அதற்கு ஐந்தாண்டு முன்பே பம்பாயில் ஒருவரிடம் இருந்தது. இந்தித் திரைப்பட இசைக்குழுக்களில் கித்தாரும் சின்தசைசரும் வாசித்துவந்த சரண்ஜித் சிங், 1982இல் மூன்று ரோலண்ட் கருவிகளை இணைத்துப் பத்து இந்துஸ்தானி இராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். ஆலாபனையின் வளைவுகளுக்கு அந்தச் சிறு கருவியின் நெளிவு எவ்வளவு பொருந்தும் என்பது அதனை உருவாக்கியவர்களுக்கே தெரிந்திராது. இசைத்தட்டு விற்கவில்லை. இராகத்தை நாடியோர்க்கு அது டிஸ்கோ. டிஸ்கோவை நாடியோர்க்கு அது இராகம். இருபது ஆண்டுகள் பழைய தட்டுக் குவியல்களில் கிடந்தது.

2000களின் தொடக்கத்தில் நெதர்லாந்தைச் சேர்ந்த இசைத்தட்டுச் சேகரிப்பாளர் எடோ பௌமன் அதை டெல்லியில் கண்டெடுத்தார். மும்பையில் சரண்ஜித் சிங்கைத் தேடிச் சென்று கண்டார். 2010இல் மறுபதிப்பாக வெளியிட்டார். கேட்டவர் சிலர் நம்ப மறுத்தனர். மேலைநாட்டு இசைஞர் எவரோ பொய்ப்பெயரில் செய்த விளையாட்டு என்றனர். இன்னும் சிலர் மறுகோடிக்குச் சென்று, ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்தவரே இவர்தான் என்று முழங்கினர். இரண்டும் மிகை. சிகாகோ இளைஞர்கள் இவரைக் கேட்டதற்குச் சான்றில்லை. இருவேறிடத்தில் இருவேறு காரணத்தால் ஒரே கருவியிலிருந்து உறவுள்ள ஒலிகள் பிறந்தன என்பதே உண்மை. அதுவே போதிய வியப்பு.

இன்று எதைக் கேட்கலாம், எதைப் பார்க்கலாம் என்று கணினி நிரல்கள் சொல்கின்றன. பலரும் கேட்டதைக் கணக்கிட்டு, அதை ஒத்ததை அவை நீட்டும். ஒருவரும் கேளாத தட்டு அந்தக் கணக்கில் எப்படி ஏறும்? மேலும், நிரலுக்கு வெட்கமில்லை. நண்பரிடம் ஒரு நூலைக் கொடுத்தவர், அடுத்த வாரம் அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மறுபதிப்புக்குப் பின் எழுபது வயதைக் கடந்த சரண்ஜித் சிங் ஐரோப்பிய மேடைகளில் அதே இராகங்களை வாசித்தார். முப்பது ஆண்டுகளுக்கு முன் பிறந்திராத இளைஞர்கள் முன்னே நின்று ஆடினர். 2015இல் மும்பையில் காலமானார்.

கருநாடக இசையில் பழகிய செவியோர், அந்த இசைத்தட்டில் மால்கௌன்ஸிலிருந்து தொடங்குவது எளிது, அது ஹிந்தோளம். பின்னர் மோகனமாகிய பூபாளியையும், ரேவதியாகிய பைராகியையும் கேட்கலாம். தோடி என்று எழுதியிருப்பதைக் கண்டு நம்முடைய தோடியை எதிர்பார்க்க வேண்டா, அது சுபபந்துவராளி. கென்னின் கதைக்கு முதற்பாகம் போதும். குண்டு விழுவது அதன் இறுதிப் பகுதியில்தான். அதற்கு முன்னுள்ள பக்கங்களைப் புரட்டிக் கடந்துவிடாமல், கோதுமை வயலிலிருந்தே படித்து வருவது நலம்.