ஒரு பாடம் பிறக்கும் வகை

(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கல்லூரி என்றவுடன் கட்டடமும் பரீட்சையும் பட்டமளிப்பு விழாவுமே நம் நினைவுக்கு வருகின்றன. அங்கே படிப்பிக்கும் பாடத்தை ஆக்கியவர் யார், அதை ஏற்றுக்கொண்டவர் யார், அது பயனற்றுப் போனால் நீக்குபவர் யார் என்று நாம் கேட்பதில்லை. அமெரிக்காவின் சமுதாயக் கல்லூரிகளில், சிறப்பாகக் கலிபோர்னியா மாநிலத்தில், இக்கேள்விகளுக்கு எவ்வாறு விடை காண்கிறார்கள் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

சமுதாயக் கல்லூரி பெரும்பாலும் இரண்டாண்டுக் கல்லூரி. 1901 இல் இல்லினோய் மாநிலத்து ஜோலியற் நகரில், சிக்காகோ சர்வகலாசாலைத் தலைவர் வில்லியம் றெயினி ஹார்ப்பரின் முயற்சியால் இவ்வகைக் கல்லூரி ஒன்று தோன்றியது. கலிபோர்னியாவில் 1907 இல் சட்டம் வழிவிட, 1910 இல் பிரெஸ்னோ நகரில் முதற் கல்லூரி எழுந்தது. இன்று அம்மாநிலத்தில் 116 கல்லூரிகள் உள. சர்வகலாசாலைக்குப் போக விரும்புவோரும், தாதித் தொழில், தீயணைப்பு, மோட்டார் திருத்தல் முதலியன கற்க வருவோரும் ஒரே வாயிலால் நுழைகின்றனர். பகலில் கடையில் நின்றுவிட்டு இரவில் வருபவனும், பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியபின் வரும் தாயும் அங்கே உண்டு. இவர்களுக்குப் பணமும் குறைவு. நேரம் அதனினும் குறைவு. ஆகையால் வீணான ஒரு பாடம் இவர்களிடமிருந்து பறிப்பது சிறிதன்று.

புதிய பாடம் ஒன்று வேண்டுமென்று கருதும் ஆசிரியர் முதலில் பாடவரைவு எழுத வேண்டும். பாடத்தின் நோக்கம், உள்ளடக்கம், படிப்பிக்கும் முறை, மாணாக்கர் செய்யும் வேலைகள், மதிப்பிடும் வகை எல்லாம் அதில் இருக்கும். ஓர் அலகுக்குக் குறைந்தது 48 மணி நேர உழைப்பு என்பது கணக்கு. வகுப்பும் வீட்டுப்படிப்பும் சேர்ந்தே அந்த 48. மூன்று அலகுப் பாடமென்றால் 144 மணி. இந்த வரைவு பெட்டியில் பூட்டிவைக்கும் கடதாசியன்று. அப்பாடத்தை எந்த ஆசிரியர் எடுத்தாலும் அதற்குக் கட்டுப்பட்டவரே.

வரைவு பின்னர் பாடவிதானக் குழுவுக்குச் செல்லும். 1988 இல் இயற்றிய சட்டமொன்று பாடவிதானத்தில் ஆசிரியர் பேரவையின் சொல்லுக்கு முதன்மை தந்தது. குழுவிலே பல துறை ஆசிரியரும் இருப்பர். சரித்திர ஆசிரியரின் வரைவைத் தாதியருக்குக் கற்பிப்பவர் வாசித்து, "இத்தனை மணிக்குள் இவ்வளவும் முடியுமா?" என்று கேட்கலாம். துறைக்கு வெளியே நிற்பவர் கேட்கும் கேள்விதான் பல வேளைகளில் கூரியது என்பது என் எண்ணம்.

குழு தீர்மானிப்பவற்றுள் மிகக் கனமானது, ஒரு பாடத்திற் சேர முன் வேறெதைப் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையாகும். வெளிப்பார்வைக்கு இது சிறு விடயம். உண்மையில் அது ஒரு பூட்டு. முன்பெல்லாம் தரம் பார்க்கும் பரீட்சையொன்றை வைத்து, ஆங்கிலத்திலும் கணிதத்திலும் பல்லாயிரம் மாணாக்கரை அடிப்படை வகுப்புகளுக்கு அனுப்பினர். அவ்வகுப்புகள் பட்டத்துக்குக் கணக்கில் வாரா. ஒன்றன்கீழ் ஒன்றாகப் பல படிகள் வேறு. ஏறி முடிக்குமுன் களைத்துக் கல்லூரியை விட்டவர் மிகப் பலர். இதைச் செய்த ஆசிரியர்கள் கொடியவரல்லர். அத்திவாரம் உறுதியாக வேண்டுமென்றே எண்ணினர். 2017 ஆம் ஆண்டுச் சட்டம் நிலைமையை மாற்றிற்று. பாடசாலையிற் பெற்ற புள்ளிகளைக் கவனித்து, சர்வகலாசாலை ஏற்கும் ஆங்கிலத்தையும் கணிதத்தையும் ஓராண்டுக்குள் முடிக்கும் வாய்ப்பை இயன்றவரை கூட்டவேண்டும் என்று அது விதித்தது. தகுதியற்றோரை ஆழத்தில் தள்ளுகிறார்கள் என்று குறை சொல்வோர் இன்றும் உண்டு. படிக்கட்டிலேயே காலங்கழித்தவரை எண்ணிப் பார்த்தால் எனக்கு அக்குறை பெரிதாகத் தோன்றவில்லை.

குழுவைக் கடந்த பாடம் நிருவாக சபைக்குப் போகும். நம் கோயில்களின் தருமகர்த்தா சபை போன்றது என்று சொல்லலாம். ஆயின் இதன் அங்கத்தவரை அவ்வூர் வாக்காளர் தெரிவு செய்கின்றனர். பட்டப் படிப்பாயின் மாநிலத் தலைமை அலுவலகமும் பார்க்கும். தொழிற்படிப்பாயின் அயலில் அத்தொழிலுக்கு இடமுண்டா என்பதற்குச் சான்று காட்ட வேண்டும். இத்தனை வாயில்களையும் கடக்க நெடுங்காலம் செல்லுமென்ற முறைப்பாடு நியாயமானதே.

இரண்டாண்டுப் பட்டத்துக்கு 60 அலகு. சர்வகலாசாலைக்கு மாறியபோது அவற்றுட் சில செல்லாக்காசாவது பழைய துயரம். 2010 ஆம் ஆண்டுச் சட்டத்தால் மாற்றத்துக்கென்றே தனிப்பட்டங்கள் அமைந்தன. அவற்றுள் ஒன்றைப் பெற்றவருக்கு மாநிலச் சர்வகலாசாலை அமைப்பில் இடம் உறுதி. ஒத்த துறையிலாயின், மேலும் 60 அலகில் படிப்பை முடிக்கலாம். 2021 இல் வந்த சட்டமோ, ஒரே பாடத்துக்கு எல்லாக் கல்லூரிகளிலும் ஒரே இலக்கம் இருக்க வேண்டுமென்றது. இவ்வளவு எளிய காரியத்துக்கு நூறாண்டுக்கு மேல் சென்றது வியப்புத்தான்!

இனி மீளாய்வு. தொழிற்படிப்புகளை இரண்டாண்டுக்கொரு முறை மீளாய வேண்டுமென்பது சட்டம். எத்தனை பேர் சேர்ந்தனர், எத்தனை பேர் முடித்தனர், வேலை கிடைத்ததா என்று பார்ப்பர். பாடத்தைத் தொடக்குவது இலகு, நிறுத்துவது அரிது. நிறுத்தினால் ஓர் ஆசிரியரின் பிழைப்புப் போகலாம். அதனால் அயல்துறையார் கண்டும் காணாதவர் போல் இருந்துவிட இடமுண்டு. அப்படியே நிறுத்தினாலும், ஏற்கெனவே சேர்ந்தவர் படித்து முடிக்க வழிசெய்ய வேண்டுமென்று தரச்சான்று வழங்கும் சபை கேட்கிறது.

இவை எல்லாவற்றிலும் என் மனத்தைக் கவர்ந்தது வேறொன்று. எந்தப் படிப்பைத் தொடக்குவது, எதை நிறுத்துவது என்பதிற் கருத்துச் சொல்ல மாணாக்கருக்கும் இடமளிக்க வேண்டுமென்று கலிபோர்னிய விதிகள் கூறுகின்றன. குழுக்கூட்டம் வேலைநாளின் பிற்பகலிற் கூடுமாயின், கடையில் நிற்கும் அந்த மாணாக்கன் அதற்கு எப்படி வந்து சேர்வான் என்பதை மட்டும் அவ்விதிகள் சொல்லவில்லை.