அளவுமானி காட்டாத உயரம்

பெட்ரோலோ டீசலோ சமையல் எரிவாயுவோ இல்லாமல் நமக்கு ஒரு நாளும் கழிவதில்லை. இவையெல்லாம் உருவாகிற எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் உழைக்கிறவர்களின் உயிரைப் பற்றி இன்று பேசப்போகிறேன். அதற்காக ஒரே ஒரு விபத்தை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தில், டெக்சஸ் சிட்டி என்ற ஊரில், பிபி நிறுவனத்தின் ஆலையில், 2005 மார்ச் 23ஆம் தேதி நடந்தது அது. 15 பேர் இறந்தார்கள். 180 பேர் காயம்பட்டார்கள். அந்த நாட்டு அரசின் இரசாயன விபத்து விசாரணை வாரியம் இரண்டு ஆண்டுகள் துருவித் துருவி விசாரித்து, நிமிட வாரியாக எழுதி வைத்திருக்கிறது. அதனால் அன்று என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று நாம் தெளிவாகப் பேச முடிகிறது.

அந்த ஆலை அப்போது நாளொன்றுக்கு 4 லட்சத்து 60 ஆயிரம் பீப்பாய் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கக் கூடியதாக இருந்தது. அங்கே பெட்ரோலின் தரத்தை உயர்த்துவதற்கென்று ஒரு பிரிவு இருந்தது. பராமரிப்புக்காக அதன் ஒரு பகுதியை ஒரு மாதம் நிறுத்தி வைத்திருந்தார்கள். ஷட்டவுன் என்கிறோமே, அதுதான். மணலியிலும் ஜாம்நகரிலும் வளைகுடா நாடுகளிலும் ஷட்டவுன் வேலைக்குப் போய்வந்தவர்கள் நம்மில் ஏராளம். அவர்களைக் கேட்டால் ஒன்று சொல்வார்கள்: ஆலை ஓடிக்கொண்டிருக்கும்போது இருப்பதைவிட, அதை நிறுத்தும்போதும் மறுபடி ஓட்டும்போதும்தான் ஆபத்து அதிகம். வெப்பமும் அழுத்தமும் மாறிக்கொண்டே இருக்கும். வால்வுகளைக் கையால் திறக்கவும் மூடவும் வேண்டியிருக்கும். அப்படி மறுபடி ஓட்டத் தொடங்கிய நேரத்தில்தான் டெக்சஸ் சிட்டியில் அந்த வெடிப்பு நடந்தது.

அந்தப் பிரிவில் 170 அடி உயரமுள்ள ஒரு கோபுரம். உள்ளே பெட்ரோல் போன்ற எளிதில் தீப்பற்றும் திரவத்தைச் சூடாக்கி, ஆவியாகிற பகுதியை மேல்வழியாகவும், கனமான பகுதியை அடிவழியாகவும் பிரிப்பார்கள். அடிப்பாகத்தில் சில அடி உயரத்துக்குத்தான் திரவம் நிற்க வேண்டும். அந்த மட்டத்தைக் காட்டுகிற அளவுமானியும் அதற்கேற்றபடி சுமார் 9 அடி வரைதான் காட்டும். அதற்கு மேல் எவ்வளவு ஏறினாலும் அதற்குத் தெரியாது.

முந்தின இரவு ஷிஃப்டிலேயே அந்த 9 அடியையும் தாண்டி நிரப்பிவிட்டார்கள். ஓட்டத் தொடங்கும்போது மட்டம் குறைந்துபோய், திரவத்தைச் சூடாக்கும் உலை கெட்டுவிடக் கூடாதே என்பதற்காக, எழுதப்பட்ட விதியைவிட அதிகமாக நிரப்புவது அங்கே வழக்கமாகவே ஆகியிருந்தது. காலை ஷிஃப்டுக்கு வந்தவர்களுக்கு அது சரியாகச் சொல்லப்படவில்லை. பதிவேட்டில் ஒற்றை வரிதான் இருந்தது. பத்து மணிக்குச் சற்று முன்பு மறுபடி திரவத்தை உள்ளே விடத் தொடங்கினார்கள். அடியிலிருந்து வெளியே போகும் வழியோ மூடியே இருந்தது. சுமார் மூன்று மணி நேரம் திரவம் உள்ளே போய்க்கொண்டே இருந்தது, வெளியே வரவில்லை. உலையும் எரிந்துகொண்டிருந்தது.

கண்ட்ரோல் ரூமில் இருந்தவர் கவனிக்கவில்லையா என்று கேட்பீர்கள். கவனித்தார். அவர் முன்னால் இருந்த திரையில் அளவுமானி ஏறவே இல்லை, மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. சூடான திரவம் அடர்த்தி குறைந்தது. அந்தக் கருவியோ அதற்கேற்பச் சரிசெய்யப்படாதது. மதியம் 1 மணி 4 நிமிடத்துக்கு அது காட்டிய மட்டம் சுமார் 8 அடி. கோபுரத்துக்குள் உண்மையில் நின்ற திரவமோ 158 அடி. மட்டம் உயர்ந்தால் அடிக்க வேண்டிய இரண்டாவது அலாரம் பழுதாகிக் கிடந்தது, அடிக்கவில்லை. கோபுரத்தின் பக்கத்தில் போய்க் கண்ணால் பார்க்க வைத்திருந்த கண்ணாடிக் குழாய் அழுக்கேறி, உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாத நிலையில் இருந்தது.

அந்தக் கண்ட்ரோல் ரூம் ஆபரேட்டர் அன்று தொடர்ந்து 29ஆவது நாளாக வேலைக்கு வந்திருந்தார். ஒவ்வொரு நாளும் 12 மணி நேர ஷிஃப்ட். முன்பு இரண்டு பேர் பார்த்த கண்ட்ரோல் ரூம் வேலையை, செலவைக் குறைப்பதற்காக ஒருவர் பார்க்கும்படி மாற்றியிருந்தார்கள். அந்த ஒருவரிடம் மூன்று பிரிவுகள். அன்று கூட இருந்து வழிநடத்த வேண்டிய மேற்பார்வையாளர் குடும்பத்தில் ஓர் அவசரம் என்று பதினொரு மணிக்கு முன்பே கிளம்பிப் போனார். அவர் இடத்துக்கு அனுபவமுள்ள வேறொருவர் வரவில்லை.

ஒரு மணி வாக்கில் வெளிப்போக்கு வால்வைத் திறந்தார்கள். செய்ய வேண்டியதைத்தான் செய்தார்கள், ஆனால் காலம் கடந்திருந்தது. வெளியேறிய கொதிக்கும் திரவம், உள்ளே வந்துகொண்டிருந்த திரவத்தை இன்னும் சூடாக்கியது. அடுப்பில் பால் பொங்கி வழிவதுபோல, கோபுரத்துக்குள் இருந்தது பொங்கி உச்சி வழியாக ஆவிக்குழாயில் இறங்கியது. அழுத்தம் தாங்காமல் 1 மணி 14 நிமிடத்துக்கு சேஃப்டி வால்வுகள் மூன்றும் திறந்தன. ஆறு நிமிடத்தில் ஏறத்தாழ 2 லட்சம் லிட்டர் திரவம் வெளியேறியது.

அப்படி வெளியேறுகிற திரவமும் ஆவியும் குழாய் வழியே ஃபிளேர் என்கிற எரிகோபுரத்துக்குப் போயிருந்தால், உயரத்தில் பாதுகாப்பாக எரிந்து முடிந்திருக்கும். அந்தப் பிரிவில் ஃபிளேர் இணைப்பு இல்லை. 1950களின் முறையில் அமைந்த ஒரு பெரிய கலமும், வானத்தைப் பார்த்துத் திறந்த உயரமான புகைபோக்கியும்தான் இருந்தன. அந்தப் புகைபோக்கியின் வாயிலிருந்து பெட்ரோல் போன்ற திரவம் ஊற்றாகப் பீறிட்டு, தரையில் விழுந்து, ஆவி மேகமாகப் பரவியது. கொஞ்ச தூரத்தில் இஞ்சின் ஓடிக்கொண்டே நின்ற ஒரு டீசல் வண்டி அந்த ஆவியை உள்ளிழுத்தது. அதிலிருந்துதான் தீ பற்றியிருக்க வேண்டும் என்பது விசாரணையின் முடிவு. அப்போது மணி 1.20.

இறந்த 15 பேரில் ஒருவர்கூட அந்தக் கோபுரத்தை ஓட்டியவர் இல்லை. எல்லோரும் கான்ட்ராக்ட் நிறுவனங்களின் ஆட்கள். பக்கத்திலிருந்த வேறொரு பிரிவின் பராமரிப்பு வேலைக்காக வந்தவர்கள். அவர்களுக்கு அலுவலகமாக, சக்கரம் வைத்த மரச்சட்டத் தற்காலிக அறைகளைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். அந்தப் புகைபோக்கியிலிருந்து 121 அடி தூரத்தில். அந்தக் கோபுரம் இருந்த பிரிவை அன்று ஓட்டப்போகிறார்கள் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. புகைபோக்கி வழிகிறது என்று வாக்கி டாக்கியில் சிலர் கத்தியபோதும், அபாயச் சங்கு நேரத்துக்கு ஊதவில்லை. அவர்கள் உள்ளே கூட்டம் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

அன்று மதியம் அவர்களுக்கு நிறுவனம் ஒரு விருந்து வைத்தது. வேலை நாள் இழக்கும்படியான காயம் யாருக்கும் ஏற்படாமல் ஒரு மாதம் கழிந்ததற்கான விருந்து. சாப்பிட்டுவிட்டு வந்துதான் அந்த அறையில் உட்கார்ந்தார்கள்.

நேயர்களே, நான் சொல்ல வந்தது இந்த விருந்தில்தான் இருக்கிறது. யாரும் வழுக்கி விழவில்லை, யார் விரலும் நசுங்கவில்லை, எல்லோரும் ஹெல்மெட் போட்டிருக்கிறார்கள் என்பது ஒரு வகைப் பாதுகாப்பு. அது வேண்டும், நிச்சயம் வேண்டும். ஆனால் கோபுரம் நிரம்பி வழியாமல் இருப்பது, குழாய் துருப்பிடித்துக் கிழியாமல் இருப்பது, ஆவி கசிந்து தீப்பிடிக்காமல் இருப்பது வேறு வகைப் பாதுகாப்பு. முதலாவது நன்றாக இருப்பதால் இரண்டாவதும் நன்றாக இருக்கிறது என்று நம்புவதுதான் சுத்திகரிப்பு ஆலைகளின் மிகப்பெரிய ஆபத்து. 2004ஆம் ஆண்டு டெக்சஸ் சிட்டி ஆலையின் காயக் கணக்கு அதன் வரலாற்றிலேயே மிகக் குறைவு. அதே 2004இல் அங்கே மூன்று பேர் விபத்தில் இறந்திருக்கிறார்கள். வெடிப்புக்கு முந்தைய 30 ஆண்டுகளில் அந்த ஆலையில் இறந்தவர்கள் 23 பேர். அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கர் தலைமையில் அமைந்த குழு 2007 ஜனவரியில் கொடுத்த அறிக்கையும் இதைத்தான் சொன்னது: நிறுவனம் தனிமனிதக் காயங்களை எண்ணிப் பார்த்துத் தன்னைப் பாதுகாப்பானதாக நினைத்துக்கொண்டது, ஆலையின் பாதுகாப்பை அளந்து பார்க்கவில்லை.

எச்சரிக்கைகள் வராமலில்லை. திறந்த புகைபோக்கி பாதுகாப்பற்றது என்று தொழிலாளர் பாதுகாப்புத் துறை 1992இலேயே குறை காட்டியது. ஆலை அப்போது அமோகோ நிறுவனத்திடம் இருந்தது. அந்தக் குறை பின்னர் கைவிடப்பட்டது. 1997இல் பழைய கலத்தை மாற்றினார்கள். ஃபிளேருடன் இணைத்திருக்கலாம், பழையபடியே இன்னொன்றை வைத்தார்கள். 1994 முதல் 2004 வரை அதே புகைபோக்கியிலிருந்து தீப்பற்றக்கூடிய ஆவி குறைந்தது எட்டு முறை வெளியேறியிருக்கிறது. அமோகோவோடு பிபி இணைந்த பிறகு, 1999இல், நிலையான செலவில் 25 சதவீதத்தைக் குறைக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. அலாரம் பழுதானது, கண்ணாடிக் குழாய் அழுக்கேறியது, கண்ட்ரோல் ரூமில் ஆள் குறைந்தது எல்லாம் இந்தச் சூழலில்தான்.

இவ்வளவும் தெரிந்த பிறகு, வால்வைத் திறக்க மறந்த ஆபரேட்டர்தான் காரணம் என்று சொல்ல மனம் வருமா? ஆனாலும் முதலில் நிறுவனம் அப்படித்தான் சொன்னது. சில வாரங்களிலேயே கீழ்மட்ட ஊழியர்கள் சிலரைக் குற்றம் சாட்டி வேலையை விட்டு நீக்கினார்கள். தவறு நடந்தது உண்மை. ஆனால் 29 நாள் ஓய்வில்லாமல் வந்தவர், பொய் காட்டும் கருவி, அடிக்காத அலாரம், ஒற்றை வரிப் பதிவேடு இத்தனையும் ஒன்றுசேர்ந்த இடத்தில் யாரை உட்கார வைத்தாலும் தவறு நடக்கும். ஒரு மனிதன் தவறினாலும் பதினைந்து பேர் சாகாதபடி ஆலையை அமைக்க வேண்டியது, அதற்குப் பணம் ஒதுக்கும் அதிகாரம் உள்ளவர்களின் பொறுப்பு.

தொழிலாளர் பாதுகாப்புத் துறை நிறுவனத்துக்கு அபராதம் விதித்தது, 2 கோடியே 13 லட்சம் டாலர். குற்ற வழக்கில் இன்னும் 5 கோடி டாலர். அபராதத்தைவிடப் பயனுள்ள மாற்றங்களும் வந்தன. தற்காலிக அறைகளை ஆபத்தான பிரிவுகளிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்று 2007இல் அந்நாட்டு எண்ணெய்த் தொழில் அமைப்பு பரிந்துரை நெறி வகுத்தது. 2010இல் தொடர் வேலையால் வரும் அயர்ச்சிக்கு ஒரு வரம்பும், ஆலையின் பாதுகாப்பை அளக்கத் தனிக் கணக்கு முறையும் வகுத்தது. இந்த மூன்றுக்கும் புதிய விஞ்ஞானம் எதுவும் தேவைப்படவில்லை. அறையை இழுத்துத் தள்ளி நிறுத்த ஒரு லாரி போதும்.

கடைசியாக, ஆலைகளில் வேலை செய்கிற நேயர்களுக்கும், அவர்களை அனுப்பிவிட்டு வீட்டில் காத்திருக்கிற உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஷட்டவுன் வேலைக்குப் போகிறவர் பர்மிட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன் மூன்று கேள்வி கேட்கட்டும். பக்கத்துப் பிரிவில் இன்று என்ன நடக்கிறது? எதையாவது ஓட்டத் தொடங்குகிறார்களா? சங்கு ஊதினால் எந்தப் பக்கம் ஓட வேண்டும்? சொல்லத் தெரியாத மேஸ்திரியிடம், தெரிந்துகொண்டு வாருங்கள் என்று சொல்லுங்கள். கேட்டவரை வேலையிலிருந்து நிறுத்தாமல் இருப்பதை நிர்வாகம் தன் கடமையாக எடுத்துக்கொள்ள வேண்டும். தொழிற்சங்கங்கள் கூலியைப் பேசும் மேசையிலேயே ஷிஃப்ட் நேரத்தையும் ஓய்வு நாளையும் பழுதான அலாரங்களின் பட்டியலையும் வைக்க வேண்டும். கான்ட்ராக்ட் ஆளுக்கும் நிரந்தர ஊழியருக்கும் சம்பளத்தில் வித்தியாசம் இருக்கலாம். ஆபத்தைத் தெரிந்துகொள்ளும் உரிமையில் ஒரு வித்தியாசமும் இருக்கக் கூடாது.