மாடு மேய்க்கப் போனேன்



"ஒழுங்காப் படிக்கலேன்னா மாடு மேய்க்கத்தான் போவே." தாம்பரம் பக்கம் பள்ளிக்கூடம் போன யாருக்கும் இந்த வசவு புதிதில்லை. நானும் அதைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். பயந்து படித்தேன். அந்தப் படிப்பு என்னைப் பிரிஸ்பேன் வரைக்கும் கொண்டுபோய் விட்டது. அங்கே முதல் ஆண்டு ஜூலை விடுமுறையில், குவீன்ஸ்லாந்தின் உட்பகுதியில் ஒரு பண்ணையில், சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் ஈடாக மூன்று வாரம் மாடும் குதிரையும் பார்த்துக்கொண்டேன். வகுப்பறையில் படித்த எந்தப் பாடத்துக்கும் அது குறைந்ததில்லை. இப்போது நம் பிள்ளைகள் நிறையப் பேர் இப்படிப் போக ஆசைப்படுகிறார்கள். அவர்களுக்காகவும், அனுப்பத் தயங்குகிற அப்பா அம்மாவுக்காகவும்தான் இன்றைக்குப் பேசுகிறேன்.

பண்ணையில் தங்கி, தினமும் சில மணி நேரம் உழைத்து, சோறும் இடமும் பெறுவது ஐம்பது வருஷத்துக்கு மேலான வழக்கம். 1971-ல் லண்டனில் செயலாளராக வேலை பார்த்த சூ காப்பர்ட் என்ற பெண், வாரக் கடைசியில் கிராமத்துக்குப் போய் மண்ணில் வேலை செய்ய ஆசைப்பட்டார். அப்படித் தொடங்கியதுதான் 'வூஃப்' என்கிற அமைப்பு. பிறகு உலகம் முழுக்கப் பரவியது. ஆஸ்திரேலியாவில் பெரிய மாட்டுப் பண்ணையை 'ஸ்டேஷன்' என்கிறார்கள். தெற்கு ஆஸ்திரேலியாவில் அன்னா கிரீக் என்ற ஒரே பண்ணை 15,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். நம் செங்கல்பட்டு மாவட்டத்தைப் போல ஐந்து மடங்கு. நான் போனது அவ்வளவு பெரியதில்லை. ஆனாலும் வாசலில் நின்று பார்த்தால் பக்கத்து வீட்டு விளக்கு தெரியாது.

முதல் நாள் விடிகாலை. ஜூலை அங்கே குளிர்காலம், புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. பண்ணைக்காரம்மா ஒரு தலைக்கயிற்றை என் கையில் கொடுத்து, தூரத்தில் நின்ற செம்பழுப்புக் குதிரையைக் காட்டி, கூட்டிக்கொண்டு வா என்றார். அதுவரைக்கும் நான் குதிரையைப் பார்த்தது மெரினாவில்தான். கால் நகரவில்லை. அப்போது என் பாட்டியின் குரல் நினைவுக்கு வந்தது.

பாட்டிக்கு மாடம்பாக்கத்தில் இரண்டு கறவை இருந்தன. தேனுபுரீஸ்வரர் கோயிலுக்குப் பின்னால் வீடு. கபில முனிவர் பசுவாகப் பிறந்து வந்து சிவலிங்கத்தின் மேல் பால் சொரிந்தார் என்பது அந்தக் கோயிலின் தலபுராணம். பாட்டி அடிக்கடி சொல்வாள்: "பின்னாலேர்ந்து போகாதே. குரல் கொடுத்துக்கிட்டே போ. மூஞ்சிக்கு நேரா கையை நீட்டாதே, தோளைத் தொடு." அதையே செய்தேன். "வாடா கண்ணா, வாடா" என்று தமிழில் பேசிக்கொண்டே, பக்கவாட்டில் மெதுவாக நடந்தேன். குதிரை தலையைத் தூக்கவில்லை. அதன் இடது காது மட்டும் என் பக்கம் திரும்பியது. இன்னும் நாலு எட்டு வைத்தேன். மூக்குத்துவாரம் விரிந்து, சூடான மூச்சு பனியில் புகையாக வந்தது. கழுத்தும் தோளும் சேருகிற இடத்தில் கையை வைத்தேன். உள்ளே ஓடுகிற ரத்தத்தின் சூடு உள்ளங்கையில் தெரிந்தது. அது தானாகவே தலையைத் தாழ்த்திக் கயிற்றுக்குள் மூக்கை நுழைத்தது.

குதிரைக்கும் மாட்டுக்கும் கண் முகத்தின் இரண்டு பக்கமும் இருப்பதால், கிட்டத்தட்டச் சுற்றிலும் பார்வை உண்டு. நேர் பின்னால் மட்டும் தெரியாது. குதிரைக்கு நெற்றிக்கு நேர் முன்னாலும் கொஞ்சம் இருட்டு. அந்த இருட்டிலிருந்து திடீரென்று ஒரு கை வந்தால் அது மிரளும், உதைக்கும். பாட்டி சொன்னதன் காரணம் இதுதான் என்று எனக்கு அந்தப் பண்ணையில்தான் விளங்கியது.

மாடு ஓட்டுவதும் அப்படியே. கத்தக் கூடாது, கம்பை வீசக் கூடாது. ஒவ்வொரு மாட்டையும் சுற்றி, கண்ணுக்குத் தெரியாத ஒரு எல்லை இருக்கிறது. நாம் அந்த எல்லைக்குள் கால் வைத்தால் மாடு நகரும், வெளியே வந்தால் நிற்கும். தோளுக்குப் பின்னால் நின்றால் முன்னால் போகும், தோளுக்கு முன்னால் வந்தால் பின்வாங்கும். அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டெம்பிள் கிராண்டின் இதைப் படம் போட்டு விளக்கி, மாட்டுப் பட்டிகளின் வடிவமைப்பையே மாற்றியவர். நான் சாயங்காலம் அவருடைய படங்களைப் பார்ப்பேன், காலையில் பட்டிக்குள் போய்ச் செய்து பார்ப்பேன். ஒரு அடி தள்ளி நின்றதால் இருபது மாடு சத்தமில்லாமல் வாசலுக்குள் நுழைந்த காலை எனக்கு மறக்காது.

இன்னொன்றும் மறக்காது. அந்த மாடுகளுக்குத் திமில் இருந்தது! வெள்ளை உடம்பு, தொங்கும் அலைதாடி, நீண்ட காது. 'பிராமன்' இனம் என்றார்கள். ஓங்கோல், கிர் முதலான நம் நாட்டு மாடுகளைக் கொண்டு அமெரிக்காவில் உருவாக்கிய இனம் அது. 1933-ல் ஆஸ்திரேலியாவுக்கு வந்தது. வெயிலையும் உண்ணியையும் தாங்குவதால் வட ஆஸ்திரேலிய மாடுகளில் பெரும்பாலும் இந்த ரத்தம்தான். அதே போல பிரேசிலில் இறைச்சி மாடுகளில் பெரும்பகுதி 'நெலோரே'. பழைய சென்னை மாகாணத்து நெல்லூரின் பெயர் அது. நம் பக்கத்து மாடு ஆஸ்திரேலியாவுக்குப் போனது போல அந்தப் பக்கத்துக் குதிரை இங்கே வந்திருக்கிறது. நியூ சவுத் வேல்ஸ் குதிரைகளுக்கு 'வேலர்' என்று பெயர். 19-ஆம் நூற்றாண்டில் பட்டாளத்துக்காக அவற்றைக் கப்பலேற்றி அனுப்பினார்கள். சென்னைக் கடற்கரையில், கட்டுமரங்களுக்கும் மசூலாப் படகுக்கும் நடுவில் அந்தக் குதிரைகளை இறக்குகிற 1834-ஆம் ஆண்டு ஓவியம் ஒன்று ஆஸ்திரேலியத் தேசிய நூலகத்தில் இருக்கிறது.

மற்ற வேலை எல்லாம் சாதாரண வேலை. லத்தி அள்ளுவது, தண்ணீர்த் தொட்டியில் பாசி தேய்ப்பது, குதிரைக் குளம்பில் அடைந்த மண்ணைக் கொக்கியால் சுரண்டுவது, வேலிக் கம்பி அறுந்திருக்கிறதா என்று கிலோமீட்டர் கணக்கில் பார்த்துக்கொண்டே போவது. இரண்டாவது வாரம் ஒரு தப்பு செய்தேன். வேலி பார்த்துக்கொண்டு போனபோது ஒரு கேட் திறந்து கிடந்தது. யாரோ மறந்துவிட்டார்கள் என்று நினைத்து நல்லபடியாகச் சாத்திவிட்டு வந்தேன். அந்த கேட் வழியாகத்தான் மாடுகள் தண்ணீருக்குப் போக வேண்டும். மறுநாள் காலையில் பார்த்தால் அறுபது மாடு கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்று கத்திக்கொண்டிருந்தது. நல்லவேளை, குளிர்காலம், எதுவும் சாகவில்லை. பண்ணைக்காரம்மா திட்டவில்லை. "கேட் எப்படி இருந்ததோ அப்படியே விட்டுவிட்டு வா" என்று மட்டும் சொன்னார். அந்த மாடுகள் கத்திய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. உதவப் போகிறவர்கள் முதலில் கேட்க வேண்டும், அப்புறம்தான் கை வைக்க வேண்டும்.

ஒரு நாள் ராத்திரி அந்தம்மா கேட்டார், "உங்கள் ஊரில் வேலி போட்ட மேய்ச்சல் நிலம் உண்டா?" இல்லை என்றேன். தப்பான பதில். ஊர் திரும்பிய பிறகுதான் காங்கயம் பக்கம் போய்ப் பார்த்தேன். அங்கே கொறங்காடு என்கிறார்கள். முள்ளுக்கிளுவையை நெருக்கமாக நட்டு உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நிழலுக்கு வெள்வேல மரம். மேய்ப்பவரே இல்லாமல் காங்கயம் மாடுகள் அதற்குள் மேய்கின்றன. கம்பி இல்லை, இரும்பு இல்லை, வேலியின் தழையும் ஆட்டுக்குத் தீனி. மழை குறைந்த மேட்டு நிலத்தில் மாடு வளர்க்க நம் கொங்கு விவசாயிகள் கண்டுபிடித்த முறை இது. குட்டப்பாளையத்தில் இந்த மாட்டினத்தையும் கொறங்காட்டையும் காக்கவென்றே ஒரு ஆராய்ச்சி அறக்கட்டளை இயங்குகிறது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிப் போய் ஒரு வெளிநாட்டு அம்மா கேட்ட பிறகுதான் நான் இதைத் தேடிப் போனேன் என்பதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் உண்டு.

சரி, போக நினைக்கிறவர்கள் கவனிக்க வேண்டியவை. முதலில் விசா. சம்பளம் வாங்காவிட்டால் வேலை இல்லை என்று நாம் நினைக்கிறோம், பல நாட்டுச் சட்டம் அப்படி நினைப்பதில்லை. நியூசிலாந்தில் சோறும் இடமும் வாங்கினாலே அது கூலி, அதற்கு வேலை அனுமதி வேண்டும். பிரிட்டனுக்குச் சுற்றுலாப் பயணியாகப் போகிறவர் பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்தில் மட்டும், 30 நாள் வரைக்கும்தான் தொண்டு செய்யலாம். அமெரிக்கச் சுற்றுலா விசாவில் சாப்பாட்டுக்காகப் பண்ணை வேலை செய்வதை நம்பிப் போகாதீர்கள். நான் மாணவர் விசாவில், விடுமுறையில் செய்ததால் சிக்கல் வரவில்லை.

ஆஸ்திரேலியா 2024-ல் இந்திய இளைஞர்களுக்கு ஒரு நேர்வழி திறந்திருக்கிறது. 18 முதல் 30 வயது வரை, ஆண்டுக்கு 1,000 பேர், குலுக்கல் முறையில் 'வொர்க் அண்ட் ஹாலிடே' விசா. ஒரு வருஷம் ஊர் சுற்றலாம், வேலையும் செய்யலாம். இரண்டாவது வருஷம் வேண்டுமானால், குறிப்பிட்ட பகுதிகளில் பண்ணை வேலை போன்றவற்றில் மூன்று மாதம் உழைத்திருக்க வேண்டும். பண்ணை வேலை என்றால் அது சம்பளத்துக்குச் செய்த வேலையாக இருக்க வேண்டும், சம்பளச் சீட்டு வேண்டும். பண்ணையில் தொண்டாகச் செய்தது கணக்கில் வராது. ஆகவே 'இலவசமாகச் செய், விசாவுக்குக் கடிதம் தருகிறேன்' என்று எந்த முதலாளி சொன்னாலும் அங்கே நிற்காதீர்கள்.

அடுத்தது உடம்பு. டெட்டனஸ் ஊசி அவசியம். ஆஸ்திரேலியாவில் மாட்டோடு வேலை என்றால் கியூ காய்ச்சல் தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். 1930களில் பிரிஸ்பேன் இறைச்சிக்கூடத் தொழிலாளர்களிடம்தான் அந்த நோயை முதலில் கண்டார்கள். குதிரையிடமிருந்து மனிதருக்கு வரும் ஹெண்ட்ரா வைரஸ் 1994-ல் அதே நகரத்தில் தலைகாட்டியது. குதிரைகளுக்குத் தடுப்பூசி போட்டாயிற்றா என்று கேட்பதில் வெட்கமே வேண்டாம். பயணக் காப்பீட்டில் குதிரை ஏற்றம் அடங்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். தலைக்கவசம் தராத இடத்தில் குதிரை மேல் ஏறாதீர்கள். பெண் பிள்ளைகள் தனி அறையும் உள்தாழ்ப்பாளும் உண்டா, போன் சிக்னல் எங்கே கிடைக்கும் என்று முன்னாலேயே கேட்டு, முகவரியை வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் கையைப் பழக்குங்கள். அதற்கு நாம் தாம்பரத்தை விட்டு அதிக தூரம் போக வேண்டாம். செங்கல்பட்டு ரயிலில் பொத்தேரியில் இறங்கினால் பக்கம்தான் காட்டுப்பாக்கம். அங்கே தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும், விவசாயிகளுக்குப் பயிற்சி தரும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. அவ்வளவும் வேண்டாம் என்றால், சேலையூரிலும் அகரம்தென்னிலும் பெருங்களத்தூரிலும் இன்னும் கறவை வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். மேய்க்கால் நிலமெல்லாம் வீடாகிப் போனதால் அவர்கள் மாடு வேளச்சேரி சாலையில் படுத்திருக்கிறது. நாம் ஹாரன் அடித்துவிட்டுப் போகிறோம்.

பாட்டி தன் கடைசி மாட்டை விற்றபோது நான் கல்லூரியில் இருந்தேன். அவளிடம் ஒரு நாளும் நான் பால் கறக்கக் கற்றுக்கொள்ளவில்லை. நீங்கள் அப்படி விட்டுவிடாதீர்கள். நாளைக் காலை நாலரை மணிக்கு எழுந்து உங்கள் தெருப் பால்காரரின் கொட்டகைக்குப் போங்கள். ஒரு வாரம் சாணி அள்ளிக் கொடுக்கிறேன், மாட்டுகிட்ட எப்படிப் போகணும்னு சொல்லிக்கொடுங்கண்ணே என்று கேளுங்கள். அவர் சொல்லிக்கொடுப்பார்.