முன்னால் வந்த முபாரக்



ஒரு படத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். 2010 செப்டம்பர், வாஷிங்டன், வெள்ளை மாளிகை. சிவப்புக் கம்பளத்தில் ஐந்து பேர் நடந்து வருகிறார்கள். முன்னால் ஒபாமா. அவருக்குப் பின்னால் இஸ்ரேல் பிரதமர் நெதன்யாகு, பாலஸ்தீனத் தலைவர் அப்பாஸ், ஜோர்தான் மன்னர். ஓர் ஓரத்தில், பின்தங்கினாற்போல, எகிப்து அதிபர் முபாரக். சில நாளில் இதே படம் கெய்ரோவின் 'அல்-அஹ்ராம்' நாளிதழில் வந்தது. அதில் முபாரக் முன்னால் நடக்கிறார், ஒபாமா பின்னால் வருகிறார்! கையும் களவுமாகப் பிடிபட்ட பிறகு ஆசிரியர் என்ன சொன்னார் தெரியுமா? பாலஸ்தீனப் பிரச்சினையில் எகிப்தின் பங்கை உணர்த்தும் 'கருத்துப் படம்' அது என்றார். கேலிச்சித்திரக்காரருக்குக்கூட இவ்வளவு துணிச்சல் வராது.

இது ஏதோ நேற்று முளைத்த கட்சிப் பத்திரிகை இல்லை ஐயா. அல்-அஹ்ராம் என்றால் அரபியில் பிரமிடுகள். லெபனானிலிருந்து வந்த தக்லா சகோதரர்கள் அலெக்சாந்திரியாவில் தொடங்கியது. முதல் இதழ் 1876 ஆகஸ்டில் வந்தது. அதன் மரண அறிவிப்புப் பக்கங்கள் அவ்வளவு பிரசித்தம். அல்-அஹ்ராமில் வராத சாவு சாவே இல்லை என்று எகிப்தியர்கள் வேடிக்கையாகச் சொல்வார்கள். சாவைக்கூட நம்பி ஒப்படைத்த பத்திரிகை அது!

1960இல் அன்றைய எகிப்து அதிபர் நாசர் பத்திரிகைகளை எல்லாம் தனியாரிடமிருந்து எடுத்துக்கொண்டார். அப்போது அல்-அஹ்ராமின் ஆசிரியர் முகமது ஹைகல், நாசரின் நெருங்கிய நண்பர். வெள்ளிக்கிழமைதோறும் அவர் எழுதிய பத்தியின் பெயர் 'பிஸராஹா', அதாவது 'ஒளிவுமறைவின்றி'. நாசர் மனதில் என்ன ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள அரபு நாடுகளே அதைத் தேடிப் படித்தன. 1967இல் இஸ்ரேலுடனான போரில் தோற்றதும் நாசர் பதவி விலகுவதாக வானொலியில் பேசினாரே, அந்த உரையை எழுதிக் கொடுத்தவரும் ஹைகல்தான். அவ்வளவு பெரிய தோல்விக்கு அதில் சூட்டிய பெயர் 'நக்ஸா': பின்னடைவு. தலைவர் பேச்சை எழுதுகிறவரே மறுநாள் அந்தப் பேச்சைப் பற்றிய செய்திக்கும் ஆசிரியர் என்றால், கேள்வி கேட்பது யார்? நாசருக்குப் பின் அதிபரான சாதத்தோடு முரண்பட்டதும் 1974இல் அந்த ஹைகலுக்கே நாற்காலி போய்விட்டது.

நியாயமாக இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அரசு கைக்குப் போவதற்குச் சில மாதம் முன்பு, 1959இல், எகிப்திய எழுத்தாளர் நஜீப் மஹ்ஃபூஸின் 'எங்கள் தெருவின் பிள்ளைகள்' நாவலைத் தொடராக வெளியிட்டது இதே பத்திரிகைதான். கெய்ரோவின் அல்-அஸ்ஹர் மார்க்க அறிஞர்கள் கொதித்தெழுந்தும் ஹைகல் கடைசி அத்தியாயம் வரை போட்டார். அதே நாவல் எகிப்தில் புத்தகமாக வர 2006 ஆயிற்று. பிற்காலத்தில் மஹ்ஃபூஸ், தவ்ஃபீக் அல்-ஹக்கீம், யூசுஃப் இத்ரீஸ் என்று பெரும் எழுத்தாளர்களுக்கெல்லாம் அந்தக் கட்டடத்தில் அறையும் சம்பளமும் இருந்தன. ஆட்சியாளர் இலக்கியத்துக்கு விட்ட இடத்தைச் செய்திக்கு விடவில்லை. என்னைக் கேட்டால் அதுதான் அந்த ஏற்பாட்டின் கெட்டிக்காரத்தனம். நல்ல கதை படிக்க வாங்குகிறவன் முதல் பக்கத்தையும் சேர்த்துத்தானே வாங்க வேண்டும்?

2011 ஜனவரி 25. கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கத்தில் முபாரக் ஆட்சிக்கு எதிராக ஜனவெள்ளம். சதுக்கத்திலிருந்து அதிக தூரத்தில் இல்லை அல்-அஹ்ராம் அலுவலகம். பத்திரிகையோ நாள்கணக்கில் ஆட்சியின் பக்கமே நின்றது. பிப்ரவரி 11 மாலை முபாரக் விலகினார். மறுநாள் காலை முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் தலைப்பு: 'மக்கள் ஆட்சியை வீழ்த்தினார்கள்.'

தலைப்பில் பொய் இல்லை. ஆனால் முபாரக்கை முன்னால் நகர்த்தி ஐந்து மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அதற்குப் பிறகு ஆட்சிக்கு ராணுவம் வந்தது, அதிபராக மோர்சி வந்தார், சிசி வந்தார். அல்-அஹ்ராம் இன்றும் அரசுப் பத்திரிகைதான்.