அளந்து பார்த்துவிட்டு மாற்றுங்கள்



இன்று பழைய பிக்கப் வண்டிகளைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். ஆலனிலும் அயலிலும் எம்மவர் சிலருக்கு அந்த வண்டிதான் தொழில். புல் வெட்டுகிறவர், பெயின்ற் அடிக்கிறவர், கடைக்குச் சாமான் ஏற்றுகிறவர் என்று எல்லோருக்கும் வண்டி நின்றால் அன்றைய உழைப்பும் நின்றுவிடும். அதனால் பழுது என்றதும் பதறிப்போய்ச் சொன்ன காசைக் கொடுத்துவிடுகிறோம். நானும் கொடுத்தேன்.

என்னுடையது 2003ஆம் ஆண்டு எட்டு சிலிண்டர் வண்டி. ஒரு கோடை நாள் 75ஆம் நெடுஞ்சாலையில் ஏறும்போது எவ்வளவு மிதித்தும் வண்டி இழுக்கவில்லை. சிவப்பு விளக்கில் நிற்கும்போது ஒரு குறையும் இல்லை. என்ஜின் விளக்கு எரிந்தது. ஒரு கராஜில் காட்டினேன். பெற்றோல் பம் போய்விட்டது என்றார்கள். தாங்கியை இறக்கிப் புதுப் பம் போட்டார்கள். எண்ணூறு டொலருக்கு மேல் போனது. மூன்றாம் நாள் அதே விளக்கு, அதே இழுவைக் குறை.

பிறகு, எங்கள் ஊர்ப் பெடியன் ஒருவன், மெக்கானிக், வந்து பார்த்தான். “அண்ணை, இனி ஒண்டும் வாங்காதேங்கோ. முதல் அளந்து பாப்பம்” என்றான். அவன் காட்டித் தந்ததைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன்.

1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லை. மொறிஸ் மைனரையும் ஒஸ்ரினையும் மண்ணெண்ணெயில் ஓட்டினோம். ஸ்ராட் பண்ண மட்டும் காபறேற்றரில் சில துளி பெற்றோல். பிளக்கைக் கழற்றினால் கரி பிடித்துக் கறுத்திருக்கிறதா, வெளுத்திருக்கிறதா என்று பார்த்து, எரிபொருள் கூடவா குறையவா என்று சொல்லிவிடுவோம். காதும் கண்ணும் போதும்.

இன்றைய வண்டியில் அது போதாது. காற்று வரும் குழாயில் ஒரு உணரி இருக்கிறது. அதனுள் சூடாக்கப்பட்ட மெல்லிய கம்பி. காற்றுப் போகப்போகக் கம்பி ஆறும். அதே சூட்டில் வைத்திருக்க எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்பதிலிருந்து, எவ்வளவு காற்றுப் போகிறது என்று கணினி கணக்கிட்டு, அதற்கேற்ற பெற்றோலை விடுகிறது. கம்பியில் எண்ணெய்யும் தூசும் படிந்தால், முக்கியமாக வண்டி பாரம் இழுக்கும்போது, காற்றைக் குறைத்துச் சொல்லும். பெற்றோலும் குறையும். பம் சோர்ந்தாலும், பில்டர் அடைத்தாலும் இதே குறைதான். இரண்டுக்கும் வெளியில் தெரிகிற நோய் ஒன்று. ஆனால் மருந்து வேறு. கணினி தன்னால் முடிந்தவரை சரிக்கட்டி ஓடுவதால், ஆரம்பத்தில் காதுக்கும் ஒன்றும் கேட்காது.

முதலாவது, கணினியை வாசியுங்கள். 1996ஆம் ஆண்டு முதல் வந்த வண்டிகளில் ஸ்ரியறிங்கின் கீழே அதற்கான இணைப்பு உண்டு. எனக்கு வந்த குறிகள் பி0171, பி0174. என்ஜினின் இரு பக்கமும் பெற்றோல் போதவில்லை என்று பொருள். பம் பழுது என்று அது சொல்லவில்லை.

இரண்டாவது, கணினி எத்தனை வீதம் பெற்றோலைக் கூட்டிக் கொடுக்கிறது என்று பாருங்கள். பத்து வீதத்துக்குள் என்றால் பெரும்பாலும் பயமில்லை. சும்மா நிற்கும்போது கூடுதலாகவும், 2500 சுற்றில் குறைந்தும் வந்தால், ஏதோ ஒரு ரப்பர்க் குழாய் வெடித்துக் கள்ளக் காற்று உள்ளே போகிறது. ஓட ஓடக் கூடினால் உணரி அல்லது பெற்றோல் வழி. எனக்கு ஓடும்போது 22 வீதம்.

மூன்றாவது, பெற்றோல் அழுத்தம். என் வண்டிக்குச் சதுர அங்குலத்துக்கு 55 முதல் 62 இறாத்தல் இருக்க வேண்டும். உங்கள் வண்டியின் அளவைப் பழுதுபார்ப்பு நூலில் பாருங்கள். பாரம் இழுக்கும்போதும் அது விழக் கூடாது. எனக்கு 58இலேயே நின்றது. ஆகவே குற்றம் உணரியில்.

கழற்றிப் பார்த்தால் கம்பியில் எண்ணெய்ப் பசை. நான்தான் கழுவிப் போடுகிற எண்ணெய்க் காற்றுப் பில்டரை வாங்கி, எண்ணெயை அள்ளிப் பூசியிருந்தேன். அந்த உணரிக்கென்றே விற்கிற ஸ்பிறே ஒன்று அடித்து, நன்றாகக் காயவிட்டுப் பூட்டினோம். சில நாளில் 22 வீதம் ஐந்துக்கு இறங்கியது. காபறேற்றர், பிறேக் கழுவுகிற ஸ்பிறேயை இதற்கு அடிக்காதீர்கள். கம்பியை விரலாலோ துணியாலோ தொடாதீர்கள். என் பழைய பம் உண்மையில் பழுதா என்பது இன்றுவரை தெரியாது. கழற்றுமுன் யாரும் அதை அளக்கவில்லை.

ஒரு எச்சரிக்கை. பெற்றோல் குழாயில் எப்போதும் அழுத்தம் இருக்கும். என்ஜின் சூடாக இருக்கும்போதோ, வீட்டுக் கராஜுக்குள்ளோ அதைத் திறக்காதீர்கள். எங்கள் வீடுகள் பலவற்றில் சுடுநீர்த் தாங்கி கராஜில்தான், அடியில் காஸ் சுடரோடு நிற்கிறது. பழக்கம் இல்லாதவர்கள் அழுத்தம் அளப்பதை மெக்கானிக்கிடமே விடுங்கள். ஆனால் அளக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இன்னொன்று. ரெக்சாஸில் 2025 முதல் சாதாரண வாகனங்களுக்குப் பாதுகாப்புச் சோதனை இல்லை. ஆனால் எங்கள் கொலின் கவுண்டியில் புகைச் சோதனை இருக்கிறது. இரண்டு முதல் 24 வயது வரையான பெற்றோல் வண்டிகள் அதற்குப் போக வேண்டும். என்ஜின் விளக்கு எரிந்தால் தேறாது. பற்றரியைக் கழற்றி விளக்கை அணைத்துக்கொண்டு போனாலும் பயனில்லை. கணினி தன் சோதனைகளை முடிக்கவில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். பழுதைத் திருத்திச் சில நாள் ஓடிவிட்டுப் போங்கள்.

ஆகவே நேயர்களே, அடுத்த முறை ஒருவர் “பம் போய்விட்டது” என்றால், கோபிக்காமல் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: “அழுத்தம் எவ்வளவு காட்டியது?” இலக்கம் சொன்னால் வேலையைக் கொடுங்கள். சொல்லாவிட்டால் திறப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு வாருங்கள்.