ஐந்தாம் பங்கு

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஒரு குடும்பம் நிறுவிய அறக்கட்டளையின் வரலாற்றைப் பேசுமாறு பணித்தீர்கள். கவிதை பாடும் அவையில் கணக்கு வழக்கைப் பேசுவதா எனத் தயங்கினேன். தயக்கத்தைத் தீர்த்தது ‘அறக்கட்டளை’ என்னும் சொல்லே. கோயில் வழக்கில் கட்டளை என்பது பூசைக்கோ திருவிழாவிற்கோ நிலமும் பொருளும் ஒதுக்கிவைக்கும் ஏற்பாடு. ஆணை என்பதும் அச்சொல்லின் பொருளே. கொடுத்தவரையும் அவர் வழிவருவோரையும் ஒருசேரப் பிணிக்கும் ஆணை அது.

அவ்வாணைக்குச் சான்றாகக் அன்று கோவையை அடுத்திருந்த பீளமேட்டைக் காட்டுவேன். நம்மூரைப் போலவே பருத்தியால் வாழ்ந்த ஊர் அது. அங்கு வேளாண்மையிலும் பருத்தி வணிகத்திலும் உயர்ந்தவர் பி.எஸ்.கோவிந்தசாமி நாயுடு. அவருடைய மைந்தர் நால்வர். 1926இல் குடும்பச் சொத்தைப் பிரித்தபோது, அவர்கள் அதனை நான்காகப் பகுக்கவில்லை, ஐந்தாகப் பகுத்தனர். ஐந்தாம் பங்கு அறத்திற்கு. இரண்டு இலட்சம் ரூபாயைச் சற்றே கடந்த அத்தொகையே ‘பி.எஸ்.ஜி. அண்டு சன்ஸ் சாரிட்டீஸ்’ அறநிலையமாயிற்று. அறத்தை உடன்பிறந்தான் ஒருவனாக எண்ணிப் பாகம் கொடுத்தனர் என்பதே இவ்வரலாற்றின் உயிர்நிலை.

அப்பங்கு உறங்கவில்லை. அதன் தொழிற்பயிலகம் கல்விக்கூடமாகவும் பட்டறையாகவும் ஒருங்கே விளங்கியது. நீரிறைக்கும் பம்புகளையும் செய்தது. 1947இல் கலைக் கல்லூரி, 1951இல் பொறியியற் கல்லூரி, 1985இல் மருத்துவக் கல்லூரி எனக் கிளைத்தது. அக்குடும்பத்தின் அடுத்த தலைமுறையினரான ஜி.ஆர்.தாமோதரன், அறிவியலைத் தமிழில் சொல்லக் ‘கலைக்கதிர்’ இதழைத் தொடங்கினார். அதனால் தமிழும் அப்பங்கில் பயன் கண்டது எனலாம்.

வள்ளுவர் இல்வாழ்வானுக்குரிய கடமைகளை ஐந்தாக எண்ணுகையில், முன்னோரை முதலிலும் தன்னை இறுதியிலும் வைத்தார். வருவாயில் ஆறிலொரு கூறு அரசனுக்குப் போக, எஞ்சிய ஐந்தும் இவ்வைந்திற்கு என்பது பரிமேலழகர் தரும் விளக்கம். ஆகவே, பகுத்த பின் எஞ்சுவது அறமன்று. பகுக்கும்போதே இடம் பெறுவது அறம்.

இதனை நான் ஏட்டில் கற்பதற்கு முன்பே களத்தில் கண்டேன். மானாவாரிக் கம்பு அளக்கும் நாளில், என் அப்பத்தா முதல் மரக்காலைத் தனியே ஒதுக்கிவைப்பார். “மிஞ்சுனாத்தான் குடுக்கணும்னா இந்தக் கரிசக்காட்டுல என்னைக்குத்தா மிஞ்சும்? அளக்கும்போதே எடுத்து வச்சிரணும்” என்பார். அவர் பெயரில் ஒரு குழி நிலமும் இருந்ததில்லை.

இங்கே ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். அறத்திற்குப் பாகம் வழங்கிய அக்காலத்தில், இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளிர்க்குப் பிறப்புரிமைப் பங்கு இல்லை. தமிழ்நாட்டில் அவ்வுரிமை சட்டமானது 1989இல்தான். அப்பத்தாவின் மரக்காலை நினைக்குந்தோறும், கொடுக்கும் கைக்கு உரிமை இல்லாதிருந்தது என் நெஞ்சை உறுத்துகிறது. அறநிலைய வரலாறுகளை எழுதுவோர் பத்திரத்தில் பெயரில்லாத இக்கைகளையும் எழுத வேண்டும்.

இவற்றை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் மாவட்டத்து இ.குமாரலிங்கபுரத்தில் பிரதமர் மித்ரா ஜவுளிப் பூங்கா அமைக்க 2023இல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஆலைகள் எழட்டும், பிள்ளைகள் வேலை பெறட்டும். ஆனால், ஊருக்கு வரும் செல்வத்தில் ஊர்ப் பள்ளிக்கும் நூலகத்திற்கும் பங்குண்டா என்று முதல்நாளே கேட்கும் குரல் நம்முடையதாக இருத்தல் வேண்டும்.

பிறரைக் கேட்பதற்கு முன் நாம் கொடுப்போம். இவ்வாண்டு முதல் நம் உறுப்பினர் சந்தாவில் ஐந்தில் ஒரு பங்கை, மண்டப வாடகைக்கும் மலர் அச்சுக்கும் முன்னதாகவே எடுத்துவைப்போம். முதல் தொகுப்பை வெளியிட வழியற்ற இளங்கவிஞர் ஒருவர்க்கு அதனை வழங்குவோம். தொகை சிறிதே. ஆயினும் அது கட்டளையாகட்டும். நமக்குப் பின் வருவோரும் மீறவியலாத கட்டளையாகட்டும்.